தட்டில் இருக்கும் துத்தநாகமும் உடலில் சேரும் துத்தநாகமும்

சைவம் சாப்பிடும் ஒரு பெண்ணின் சாதாரண நாள் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். 250 கிராம் தீட்டிய அரிசி, 50 கிராம் துவரம்பருப்பு, இட்லி தோசை வழியாக 25 கிராம் உளுந்து, 300 கிராம் காய்கறி, பாலும் தயிருமாக 300 மில்லி, சட்னிக்கு 20 கிராம் நிலக்கடலை. அரிசியிலிருந்து சுமார் 3 மில்லிகிராம் துத்தநாகம் (ஜிங்க் என்னும் தாதுச்சத்து) கிடைக்கும். துவரையில் 1.3, உளுந்தில் 0.7, காய்கறியில் 0.9, பால் தயிரில் 1, கடலையில் 0.6. கூட்டினால் ஏழரை மில்லிகிராம் வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 13.2 மி.கி. வேண்டும், ஆணுக்கு 17 மி.கி. அமெரிக்கப் பரிந்துரையோ பெண்ணுக்கு 8, ஆணுக்கு 11 என்கிறது. உடல் ஒன்றுதானே, கணக்கு ஏன் இவ்வளவு வேறுபட வேண்டும்? தானியமும் பருப்புமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்ணும் துத்தநாகத்தில் சிறு பகுதிதான் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்கிறது என்று வைத்து இந்தியக் கணக்கு போடப்பட்டிருக்கிறது. எந்த உணவில் எத்தனை மில்லிகிராம் என்று பட்டியல் போடும் பதிவுகள் ஏராளம். அதில் எவ்வளவு உடலுக்குக் கிடைக்கும் என்ற கேள்வியை அவை பெரும்பாலும் தொடுவதே இல்லை. நம் சாப்பாட்டைப் பொறுத்தவரை முக்கியமான கேள்வி அதுதான்.

மனிதனுக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதே இந்தக் கேள்வியின் வழியாகத்தான் தெரியவந்தது. பிஹாரில் பிறந்து அமெரிக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஆனந்த பிரசாத் 1958-ல் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்குப் போனார். அங்கே 21 வயது இளைஞன் ஒருவனைப் பார்த்தார். பார்வைக்குப் பத்து வயதுப் பையன். பருவமடையவில்லை, தோல் வறண்டு சொரசொரப்பாக இருந்தது, ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, கடுமையான ரத்தசோகை. சாப்பாடு என்றால் புளிக்க வைக்காத முழுக்கோதுமை ரொட்டிதான். இறைச்சி கிடையாது. போதாக்குறைக்குக் களிமண் தின்னும் பழக்கம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், வளர்ச்சி நின்றதற்கு அது மட்டும் போதாது என்று அவர் சந்தேகித்தார். பிறகு எகிப்தில் இதே நிலையில் இருந்த இளைஞர்களை ஆராய்ந்து, துத்தநாகம் குறைந்திருப்பதை 1963 வாக்கில் நிறுவினார். துத்தநாகம் கொடுத்தவர்கள் ஒரே ஆண்டில் ஐந்தாறு அங்குலம் வளர்ந்தார்கள். அதற்கும் பத்தாண்டு கழித்து, 1974-ல்தான் அமெரிக்காவின் தினசரிப் பரிந்துரைப் பட்டியலில் துத்தநாகம் இடம்பெற்றது.

அந்த இளைஞன் தின்ற முழுக்கோதுமையில் துத்தநாகம் இல்லாமலில்லை. 100 கிராமில் ஏறக்குறைய 2.8 மி.கி. உண்டு, தீட்டிய அரிசியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதை வெளியே விடாமல் பிடித்து வைத்தது பைட்டேட்.

விதை முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸைத் தாவரம் சேமித்து வைக்கும் வடிவம்தான் பைட்டேட். ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட்டுகள். சிறுகுடலில் இது துத்தநாகத்தைக் கவ்விக் கரையாத உப்பாக மாறிவிடும். அதை உடைக்கும் பைட்டேஸ் என்ற நொதி நம் சிறுகுடலில் மிகக் குறைவு. எனவே பைட்டேட்டும் அது பிடித்த துத்தநாகமும் சேர்ந்தே மலத்தில் போய்விடும். உணவிலிருப்பது மட்டும் போவதில்லை. கணையநீர் வழியாகக் குடலுக்கு வரும் உடலின் சொந்தத் துத்தநாகமும் திரும்ப உறிஞ்சப்படாமல் இதில் சிக்குகிறது. துத்தநாகத்துக்கு உடலில் தனிச் சேமிப்புக் கிடங்கு கிடையாது. மொத்தம் இருக்கிற 2 கிராம் சொச்சத்தில் பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும் கட்டுண்டு கிடக்கிறது, அவசரத்துக்கு எடுக்க முடியாது. அதனால்தான் தினசரி வரத்து குறைந்தால் வேகமாக வளரும் திசுக்கள் முதலில் அடிவாங்குகின்றன: குடல் உட்சுவர், தோல், நோய் எதிர்ப்பு அணுக்கள், வளரும் குழந்தையின் எலும்பு.

எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைக் கணிக்க ஒரு விகிதம் உண்டு. உணவிலுள்ள பைட்டேட்டை மில்லிகிராமில் எடுத்து 660-ஆல் வகுக்க வேண்டும். துத்தநாகத்தை 65.4-ஆல் வகுக்க வேண்டும். முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண் 5-க்குக் கீழே இருந்தால் பாதி அளவு உறிஞ்சப்படலாம், 5 முதல் 15 வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு, 15-ஐத் தாண்டினால் ஆறில் ஏழில் ஒரு பங்கு. தீட்டிய அரிசிக்கு (100 கிராமில் பைட்டேட் சுமார் 265 மி.கி., துத்தநாகம் 1.2) இந்த எண் 22-ஐ ஒட்டி வரும். முழுக்கோதுமைக்கும் 22. கம்புக்கு 17, கேழ்வரகுக்கு 12. தவிடு நீக்காத பழுப்பரிசிக்கோ 40-ஐத் தாண்டுகிறது.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். நெல்லில் துத்தநாகம் அரிசி மணிக்குள்ளும் பரவலாக இருக்கிறது. பைட்டேட் பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. தீட்டும்போது பைட்டேட் அதிகமாகவும் துத்தநாகம் அந்த அளவுக்கு இல்லாமலும் போகிறது. பழுப்பரிசிக்கு நார்ச்சத்து, பி வைட்டமின் என்று வேறு நியாயங்கள் உண்டு. துத்தநாகத்துக்காகப் பழுப்பரிசிக்கு மாறச் சொல்வதுதான் தவறான ஆலோசனை. அதைவிட, 250 கிராம் அரிசியில் 100 கிராமைக் கம்பாக மாற்றினால் தட்டிலிருக்கும் துத்தநாகம் ஒன்றரை மி.கி. கூடும், விகிதமும் கொஞ்சம் இறங்கும்.

அடுப்பு பைட்டேட்டை அழிக்காது

குக்கரில் நாலு விசில் விட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் அதிகம். பைட்டேட் கொதிக்கும் சூட்டைத் தாங்கும். சூட்டில் செத்துப்போவது அதை உடைக்க வேண்டிய பைட்டேஸ் நொதிதான். ஆகவே நொதிக்கு வேலை செய்ய நேரம் கொடுத்துவிட்டுப் பிறகு சமைக்க வேண்டும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் இதற்குத்தான் உதவுகின்றன. மூன்றும் ஒரே அளவுக்கு உதவுவதில்லை.

கொண்டைக்கடலை, காராமணி, முழுப்பயறு ஆகியவற்றை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் பைட்டேட் ஓரளவு போகும். முளைகட்டினால் நொதி கூடும். ஆனால் முளைகட்டுதலைப் பற்றி மிகையாகச் சொல்கிறார்கள். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் ஆய்வகச் சோதனைகளில், முளைகட்டிய பச்சைப்பயறிலும் கேழ்வரகிலும் கிடைக்கக்கூடிய இரும்பு கூடியது, துத்தநாகம் குறைந்தது. அதே குழு இட்லி, தோசை மாவைச் சோதித்தபோது புளிப்பு ஏறிய பிறகு இரும்பு, துத்தநாகம் இரண்டுமே நன்றாகக் கூடின. பூண்டும் வெங்காயமும் சேர்த்த தானியத்திலும் பருப்பிலும் இரண்டும் கூடுவதாக இன்னொரு சோதனையில் கண்டார்கள். இவை சோதனைக்குழாயில் செரிமானத்தை நடத்திப் பார்த்த முடிவுகள். மனித உடலில் அதே சதவீதம் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்கு இவை போதும்.

இட்லி மாவுக்குள் நடப்பது இது. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். நாலு முதல் ஆறு மணி நேரம் ஊறிய பிறகு ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைக்கிறோம். உளுந்தோடு வந்த லாக்டிக் அமில பாக்டீரியா பெருகி அமிலம் சுரக்கிறது. எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் மாவின் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 பக்கம் இறங்குகிறது. தானிய பைட்டேஸ் நன்றாக வேலை செய்வது 5 பக்கத்தில். அந்த இடத்தைக் கடந்து இறங்கும்போதுதான் பைட்டேட் உடைகிறது. உண்டான அமிலமும் துத்தநாகத்தோடு கரையக்கூடிய சேர்மங்களாகச் சேர்ந்து அதைக் குடலில் உறிஞ்சத் தோதாக வைத்திருக்கிறது.

மாவு உப்புவதும் மாவு புளிப்பதும் வேறு வேறு. ஆட்டியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வார்க்கும்போது சமையல் சோடா போட்டால் இட்லி பஞ்சுபோல வரும். பைட்டேட் அப்படியே இருக்கும். பாக்கெட் ரவா இட்லி மிக்ஸில் தயிர் ஊற்றிப் பத்து நிமிடத்தில் வார்ப்பதும் அப்படித்தான், நொதிக்கு நேரமே கிடைக்கவில்லை. மார்கழியில் மாவு பொங்காமல் கிடந்தால் சோடாவுக்குப் போகாமல், பாத்திரத்தை விளக்கு எரியும் அடைத்த ஓவனிலோ வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள்ளோ வைத்து 28 முதல் 32 டிகிரி சூட்டில் இன்னும் நாலைந்து மணி நேரம் விடுவது நல்லது. அரிசியில் இயல்பாகவே பைட்டேஸ் குறைவு. ஆகவே நேரத்தைச் சுருக்கினால் இழப்பு அதிகம்.

துத்தநாகக் கண்ணோடு பார்த்தால் நம் உணவுகளில் கம்மங்கூழுக்கு நான் முதலிடம் கொடுப்பேன். கம்பைக் கழுவி ஈரத்தோடு இடித்து அல்லது மிக்ஸியில் ஓட்டிப் புடைத்தால் உமித் தோலோடு பைட்டேட்டின் ஒரு பகுதி போகும். நொய்யையும் மாவையும் மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவைத்து, அந்தப் புளித்த நீரோடே கிண்டிக் காய்ச்ச வேண்டும். ஆறியதை மறுநாள் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பார்கள். தானியத்திலேயே அரிசியைப் போல இரு மடங்கு துத்தநாகம். அதோடு புளிப்பு, பால்புரதம், வெங்காயம். கம்பு மாவை வாங்கி உடனே தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்தால் கிடைப்பது வேறு பொருள்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி எளிது. ஆட்டிறைச்சி 100 கிராமில் மூன்று நாலு மி.கி. உண்டு, நண்டிலும் ஏறக்குறைய அவ்வளவு. கோழியில் அதில் பாதிக்கும் குறைவு. இறைச்சியில் பைட்டேட் இல்லை என்பதோடு, அதன் புரதம் கூடவே சாப்பிடும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள துத்தநாகம் சேரவும் உதவுகிறது. ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்கி ஒரே வேளையில் முடிப்பதைவிட, 50 கிராமாகப் பிரித்து வாரத்தில் நாலைந்து வேளை பருப்போடு சேர்ப்பது கூடுதல் பலன் தரும், ஏனென்றால் ஒரே வேளையில் நிறையத் துத்தநாகம் வரும்போது உறிஞ்சும் சதவீதம் குறைகிறது. எள்ளையும் பூசணி விதையையும் துத்தநாகச் சுரங்கம்போலப் பரப்புகிறார்கள். இரண்டிலும் 100 கிராமுக்கு ஏழெட்டு மி.கி. இருப்பது உண்மை. நாம் சாப்பிடுவது ஒரு தேக்கரண்டி, அதிலும் பைட்டேட் மிகுதி.

ஆறு மாதத்துக்குப் பிறகு

பெரியவர்களைவிட எனக்குக் கவலை தருவது ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான குழந்தைகள். தாய்ப்பாலில் துத்தநாகம் முதல் மாதங்களில் அதிகமாக இருந்து வேகமாகக் குறையும். தாய் என்ன சாப்பிட்டாலும் இந்த இறக்கம் நடக்கும். ஏழாவது மாதத்திலிருந்து குழந்தைக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. தேவை. அப்போது பாலில் கிடைப்பது அரை மி.கி. பக்கம். பாக்கி முழுவதும் இணை உணவிலிருந்து வர வேண்டும். நீர்க்கக் கரைத்த சாதக் கஞ்சியும் பருப்புத் தண்ணீரும் அதைத் தர முடியாது. பருப்புத் தண்ணீரை நிறுத்திப் பருப்பையே மசித்துக் கொடுக்க வேண்டும். முட்டையின் துத்தநாகம் ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது, ஒன்றில் அரை மி.கி. நன்கு வெந்த மஞ்சள் கரு, மசித்த கோழி ஈரல், நூலாக அரைத்த ஆட்டுக்கறி, கெட்டித் தயிர் என்று வீட்டு வழக்கத்துக்கு ஏற்றதைச் சேர்க்கலாம். சத்துமாவில் இருபது வகைத் தானியம் போட்டிருப்பதால் மட்டும் துத்தநாகம் சேர்ந்துவிடாது. எத்தனை வகையானாலும் தானியத்தோடு பைட்டேட்டும் சேர்ந்தே வரும். ஐந்தாறு வகையோடு நிறுத்தி, ஊறவைத்து உலர்த்தி அரைத்தால் போதும்.

இந்த வயதில்தான் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வரும். ஒவ்வொரு வயிற்றுப்போக்கிலும் துத்தநாகம் வெளியேறுகிறது. குறைந்த துத்தநாகம் குடல் சுவர் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, அடுத்த வயிற்றுப்போக்கு சீக்கிரம் வருகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-ல் கூட்டாக ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுக்கச் சொன்னது இதனால்தான். அப்போது சொன்ன அளவு: ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். இந்தியத் திட்டத்தில் 14 நாள். இரண்டு மாதம் முடிந்த குழந்தைக்கு அரை மாத்திரை, ஆறு மாதம் முடிந்தவருக்கு முழு மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

கொடுக்கும் முறையில்தான் பெரும்பாலும் தவறுகிறது. ஒரு சுத்தமான கரண்டியில் மாத்திரையை வைத்து, தாய்ப்பாலையோ காய்ச்சி ஆறிய தண்ணீரையோ ஒரு தேக்கரண்டி அளவு விட்டால் முக்கால் நிமிடத்தில் தானாகக் கரையும். நசுக்க வேண்டாம், ஓ.ஆர்.எஸ். கரைசலில் போடவும் வேண்டாம், குழந்தை அதை முழுவதும் குடித்து முடிக்காமல் போகலாம். உலோகக் கசப்பு இருப்பதால் சில குழந்தைகள் உமிழும். அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டல் கூடும். இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில் 5, 10 மி.கி. அளவுகள் வயிற்றுப்போக்கைக் குறைப்பதில் 20 மி.கி.க்குக் குறையாமல் வேலை செய்தன, வாந்தி குறைவாக இருந்தது. மருத்துவர் இப்போது குறைந்த அளவு எழுதித் தந்தால் குழம்ப வேண்டாம்.

மூன்றாம் நாள் போக்கு நின்றதும் மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடுவது மிகப் பரவலான தவறு. நடக்கிற வயிற்றுப்போக்கை இது சுமார் அரை நாள் குறைக்கும், ஊட்டக்குறைவுள்ள குழந்தையிடம் ஒரு நாள் வரை. மீதி நாட்களின் வேலை, இழந்ததை ஈடுகட்டி அடுத்த மாதங்களில் வரக்கூடிய நோயைக் குறைப்பது. 14 மாத்திரைகளையும் முடிக்கவேண்டும். ஜிங்க் இருக்கிறதே என்று ஓ.ஆர்.எஸ். கரைசலை விட்டுவிடவும் கூடாது. உயிரைக் காப்பது அந்தக் கரைசல்தான்.

அரிதாக, தாய்ப்பால் நிறுத்திய சில வாரங்களில் குழந்தையின் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் சிவந்த புண், முடி உதிர்தல், விடாத வயிற்றுப்போக்கு மூன்றும் சேர்ந்து வரும். குடலில் துத்தநாகத்தை உள்ளே எடுக்கும் புரதத்துக்கான மரபணுக் கோளாறாக இருக்கலாம். களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். ஜிங்க் கொடுத்தால் சில நாட்களிலேயே புண் ஆறத் தொடங்கும், மருந்து வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கும்.

ரத்தப் பரிசோதனை, மாத்திரை, தாமிரம்

நகத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் ஜிங்க் குறைவு என்பார்கள். பெரும்பாலும் அது நகத்தின் அடியில் பட்ட சிறு அடிதான். ரத்தப் பரிசோதனையும் நேரான பதில் தராது. உடலின் துத்தநாகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஓடுகிறது. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ஈரல் அதை உள்ளே இழுத்துக்கொள்ள, எண் பொய்யாக இறங்கும். கர்ப்பத்திலும் இறங்கும். சிவப்பணுக்கள் உடைந்த மாதிரியிலும் சாதாரண ரப்பர் மூடிக் குழாயிலும் எண் பொய்யாக ஏறும். காலைக்கும் மாலைக்குமே வித்தியாசம் உண்டு. வெறும் வயிற்றில் காலையில் எடுத்தால் பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு, மதியத்துக்கு மேல் எடுத்தால் 59-க்குக் கீழேதான் குறைவு. இந்த நேரக் குறிப்பில்லாத அறிக்கையை வைத்து முடிவெடுப்பது சரியல்ல. மக்கள் கூட்டத்தை அளக்க இது பயன்படும்: 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 19 சதவீதத்துக்கும், 10 முதல் 19 வயதினரில் 32 சதவீதத்துக்கும் குறைபாடு தெரிந்தது.

மாத்திரை வாங்குகிறவர்கள் அட்டையில் பார்க்க வேண்டியது உப்பின் எடையை விட, அதிலிருக்கும் தனிமத்தின் எடை. ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. என்றால் துத்தநாகம் 50 மி.கி. ஜிங்க் குளுக்கோனேட்டில் ஏழில் ஒரு பங்குதான் துத்தநாகம். வயது வந்தவருக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 40 மி.கி. உச்ச வரம்பு. கொரோனா காலத்தில் 50 மி.கி. மாத்திரையைத் தொடங்கி நிறுத்தாமல் இருப்பவர்கள் தினமும் அதைத் தாண்டுகிறார்கள். அதிகத் துத்தநாகம் குடல் செல்களில் மெட்டாலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்கும். அது துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும், செல் உதிரும்போது தாமிரமும் போய்விடும். உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்கு ஜிங்க் மருந்தாவது இந்தக் குணத்தால்தான். நோயில்லாதவருக்கு இதே விளைவு மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு, கால் மரத்துப்போய் நடை தள்ளாடுவது வரை போகும். நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

கர்ப்பிணிகள் வெறும் வயிற்றில் இரும்பு மாத்திரையையும் ஜிங்கையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றோடொன்று போட்டி போடும். சில மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு ஜிங்க் எதிரி. மருந்தைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, ஜிங்கைப் போட்டு நாலைந்து மணி நேரம் கழித்தோதான் மற்றது. நாகமுலாம் பூசிய வாளியில் மோரோ எலுமிச்சைச் சாறோ கலந்து வைப்பதும் ஆபத்து. அமிலம் முலாமைக் கரைத்து, குடித்த எல்லோருக்கும் வாந்தி வரலாம்.

தானியத்துக்குத் துத்தநாகம் வருவது மண்ணிலிருந்து. தமிழ்நாட்டு மண் மாதிரிகளில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் பற்றாக்குறை, நாட்டிலேயே மிக அதிகம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்ஃபேட்டை 50 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து நடவுக்குச் சற்று முன் தூவச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரத்தோடு கலந்து போட்டால் பாஸ்பேட் அதைக் கட்டிவிடும், காசு வீண். இப்படி மண்ணில் போடுவது மகசூலைக் கூட்டும், மணியில் சேரும் துத்தநாகத்தைப் பெரிதாகக் கூட்டாது. மணியில் ஏற வேண்டுமானால் கதிர் வந்து பால் பிடிக்கும் சமயத்தில் 0.5 சதவீதக் கரைசலை இலையில் தெளிக்க வேண்டும். விதையிலேயே வழி தேடுகிறவர்களுக்கு 2016-ல் வெளியான ‘டி.ஆர்.ஆர். தான் 45’ என்ற நெல் ரகம் இருக்கிறது: தீட்டிய பிறகும் அரிசியில் கிலோவுக்கு 22 மி.கி. துத்தநாகம் நிற்கும். வழக்கமான அரிசியில் 12 தான்.